பாதித் தோகை

"மயிலாண்ட என்னங்க சண்டை?"

மழைக்கு அச்சகத்துக்குள் ஒதுங்கியவன்தான் கேட்டான். அங்கே கம்ப்யூட்டரில் பத்திரிகை அடிக்கும் ஹம்சாவுக்கு எரிச்சலாக வந்தது. திருத்தணியில் மயில் இல்லாமல் கல்யாணப் பத்திரிகை உண்டா? அந்த மயில் படத்தைத் திரையில் கொண்டுவந்தாலோ, பாதித் தோகை வரைந்ததும் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடும். அடித்ததெல்லாம் போயே போச்சு.

வந்தவன் ஸ்ரீதர், அரக்கோணத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன். ஈரத் தலையைத் துடைத்தபடி நிமிர்ந்தான். சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்... அவளுக்குக் கோபம் எங்கோ போய்விட்டது.

அன்று ஏதோ தட்டினான், மயில் முழுசாக வந்தது. மறுநாளே மறுபடி நின்றது. முதலாளி பங்காரு அவனையே வரச் சொன்னார். பிறகு மயில் நிற்பதும் அவன் வருவதும் வழக்கமாகிவிட்டது. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவான், டீ ஆறிப்போகும் வரை பேசுவான். மனதில் இருந்ததை மட்டும் சொல்லவில்லை. அவனே முதலில் சொல்லட்டுமே என்று அவளுக்கு வீம்பு.

அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் வரை கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை என்று அவள் அப்பா, நைனா, வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வேலைதான் அவளுக்கு இருந்த ஒரே பிடி. தை மாத முகூர்த்த நெரிசலில் பத்திரிகைகள் தாமதமாக, பங்காருவுக்குப் பொறுமை போயிற்று. உன் கைதான் சரியில்லை, மாதக் கடைசியோடு நின்றுகொள் என்றார். அதைக் கேட்ட கையோடு நைனா, புத்தூரில் இருந்த அத்தை மகன் பாவாவுக்கு அவளைப் பேசி முடித்தார்.

கடைசி நாளில் தன் பத்திரிகையைத் தானே அடித்தாள். பத்திரமாகச் சேமித்துவிட்டு மயிலைக் கூப்பிட்டாள். பாதித் தோகையில் நின்றது.

ஸ்ரீதர் வந்தான். மணமகள் பெயரைப் படித்ததும் முகம் வெளுத்துப் போனது. கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டான். திரையில் ஏதோ ஒரு பெட்டியைத் திறந்து, படம் வரையும் வேகத்தைக் குறைக்கும் ஒரு சின்னக் குமிழை மவுஸால் இடப்பக்கம் தள்ளினான். தோகை தடையில்லாமல் விரிந்தது. அதன்கீழே அவள் பெயரும் பாவா பெயரும்.

"இவ்ளோதானா?"

"ஆங்... மொத நாளே தெரியுங்க. போறப்ப பழையபடி தள்ளி வெச்சிட்டுப் போயிடுவேன். உங்களப் பாக்க வேற வழி தெரியல. புடிச்சிருக்குன்னு சொல்ல தைரியமும் வரல."

ஹம்சா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அதனால்தான் வேலை போயிற்று, வேலை போனதால்தான் இந்தக் கல்யாணம் என்று சொன்னாள். அவன் தலை குனிந்தான். நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் மறுபடி வாயைத் திறந்தாள்...

"தெனம் காலைல மலையப் பாத்து நானும் அதையேதாங்க வேண்டிக்கினு இருந்தேன்... இன்னிக்கும் அந்த மயில் நிக்கணும்னு."