பார்வைத் துளை

திரையில் ஓடிய குப்பை எழுத்துகளுக்கு நடுவே 'குட்டிமா' என்ற சொல் தெளிவாக நின்றது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த சிப், நினைவகத்தில் இருப்பதையெல்லாம் ரகசியக் குறிகளாக மாற்றிப் பூட்டிவிடும். வெளியிலிருந்து யார் பார்த்தாலும் தலையும் புரியாது, வாலும் புரியாது. அந்தப் பூட்டைச் செய்வதுதான் அவள் வேலை. மூன்று மாதத்துக்கு முன் சோதனைக் குழுத் தலைவர் வந்து மூக்கால் அழுதார்.

"உள்ள எட்டியே பார்க்க முடியலன்னா, தப்பு எங்க இருக்குன்னு நாங்க எப்படிங்க கண்டுபிடிக்கிறது? ஒரு சின்ன ஓட்டையாவது விடுங்களேன்."

பாவம் பார்த்து ஒரு துளை விட்டாள். அதற்குப் பார்வைத் துளை என்று பெயரும் வைத்தாள்; அதன் வழியே தெரிவதுதான் இப்போது திரையில் ஓடுகிறது. நாளை சிப் வாடிக்கையாளரிடம் போகிறது. இன்றைக்குள் துளையை அடைத்தாக வேண்டும்.

குட்டிமா என்பது அவள் மகளின் செல்லப் பெயர். அதை எந்த நிரலிலும் அவள் எழுதியதில்லை. தினமும் நான்கு மணிக்கு இந்த மேசையிலிருந்து மகளிடம் போனில் பேசுவாள், அவ்வளவுதான்.

மின்விசிறிகளின் இரைச்சலும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் நிறைந்த அந்த ஜன்னலில்லாத அறையில், கணினி அலமாரிகளின் பச்சை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கி எரிய, இரைச்சல் ஏறி இறங்குவது யாரோ அருகில் உட்கார்ந்து மூச்சு விடுவதுபோல் கேட்டது. அடுத்த வரி வந்தது.

'அம்மா இதோ வந்துடறேன்.'

பத்து நிமிடத்துக்கு முன் அவள் மகளிடம் சொன்னது. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

உள்ளே இருப்பதைத் துடைத்த பிறகே பூட்ட வேண்டும் என்பது அவளே போட்ட விதி. துடைக்க இருபது நிமிடம் ஆகும். யார் காத்திருப்பது? துடைக்காமலே துளையை அடைத்துப் பூட்டினாள்.

விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. இரைச்சல் நின்றது. நாற்காலியில் மாட்டியிருந்த கைப்பையைக் காணோம்.

கதவைத் தள்ளினாள். அசையவில்லை. அடையாள அட்டையைத் தேய்த்தாள். பயனில்லை. கதவுக் கண்ணாடிக்கு வெளியே காவலாளி நடந்து வந்தார். நேராக அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனார்.

கத்தினாள். கரகரப்புதான் வந்தது. அவள் சொன்னது அவள் காதுக்கே புரியவில்லை.

எவ்வளவு நேரம் தட்டினாளோ தெரியாது. கை வீங்கிவிட்டது. குர்தாவின் பையில் போன் இருப்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு அடித்தாள். கணவன் எடுத்தான்.

"ஹலோ, யாருங்க? இது என் பொண்டாட்டி போனாச்சே?"

நான்தான் என்றாள். கரகரப்பு.

"ஒண்ணும் புரியலயே... இங்க பாரேன், உன் நம்பர்லேருந்து யாரோ பேசறாங்க."

"ஆபீஸ்லயே மறந்துட்டு வந்துட்டேன்." அவளுடைய குரல். வீட்டிலிருந்து. "விடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம். குட்டிமா, போய்க் கதவைத் தாழ் போடு."

தாழ் போடாதே என்று கதறினாள். குட்டிக் கால்கள் ஓடின. தாழ்ப்பாள் விழுந்தது. கணவன் இன்னும் போனை வைக்கவில்லை.

"அம்மா," என்றாள் மகள், "நீ ஏன் கண்ணே சிமிட்ட மாட்டேங்கற?"