இன்றைக்கு எவ்வளவு வலிக்கலாம்

நிலாவில் உள்ள பள்ளமடைக் குடியிருப்பில், கண் விழித்ததும் எல்லோரும் சுவரில் பரபரப்பு எண்ணைப் பார்ப்பார்கள். குடை எடுக்கலாமா என்று பூமியில் வானத்தைப் பார்ப்பதுபோல, இன்றைக்கு எவ்வளவு வலிக்கலாம் என்று இங்கே பார்த்துக்கொள்வது வழக்கம்.

அன்று எண் முப்பது. முந்தின நாள் எழுபது இருந்தது. சவரிராயன் சட்டையை மாட்டினார். நடைக்கூடத்துக்கு வந்து பக்கத்து வீட்டுச் செண்பகராசனைக் கேட்டார்.

"எவன்யா செத்தான்?"

"அந்தப் பாட்டுக்காரரு, அண்ணாச்சி. குளிக்கப் போன இடத்துல வழுக்கி விழுந்துட்டாரு. பையில சாந்தினால் மாத்திரை ஒண்ணு இருந்துச்சாம்."

"மாத்திரையா வழுக்கி விட்டுச்சு?"

"செய்தியில அப்படித்தான் சொல்லுதான்."

ஆறில் ஒரு பங்கு எடையோடு வாழும் ஊரில் வழுக்கி விழுந்து சாவதற்குத் தனித் திறமை வேண்டும். செய்தி வாசித்தவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு சாந்தினால் ஒரு வரம். பல்வலிக்கும் தந்தார்கள், பரீட்சை பயத்துக்கும் தந்தார்கள். "வலியைப் பொறுப்பது காட்டுமிராண்டித்தனம்" என்று சிரித்த முகங்கள் எல்லாச் சுவர்களிலும் சொல்லின. பிறகு சிலர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள். அதே சுவர்கள் மாத்திரையை எமன் என்றன. மருந்து வாரியம் பிறந்தது. நோயாளி பொய் சொல்லக்கூடும் என்று, எல்லோர் பிடரியிலும் அரிசி அளவில் வலிமானி பதித்தார்கள். வலியைப் பத்துக்கு இத்தனை என்று தசமப் புள்ளியோடு சொல்லும் அற்புதக் கருவி அது. அதையும் நம்புவதற்கில்லை என்று ஒரு குழு அறிக்கை தந்தது. ஆகவே வலிமானி காட்டும் அளவை, செய்திகளிலிருந்து கணக்கிட்ட பரபரப்பு எண்ணின் விழுக்காட்டால் பெருக்கி, வருவதையே உண்மையான வலி என்று சட்டம் செய்தார்கள். மாத்திரையால் சாவு என்று செய்தி வந்தால் எண் இறங்கும். பெருக்கி வந்தது மூன்றுக்கு மேல் போனால் மாத்திரை. கீழே இருந்தால் வெந்நீர் ஒத்தடம்.

சவரிராயனின் மனைவி ஞானசெல்விக்கு எலும்பில் புற்றுநோய். பிழைக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். வலி ஒன்பது புள்ளி நான்கு.

"ரெண்டு புள்ளி எட்டுதான் வருது" என்றார் மருந்தகத்து டாக்டர். செல்வியின் பக்கம் அவர் திரும்பவில்லை. அவருக்குப் பின்னாலிருந்த திரையில் பாட்டுக்காரரின் இறுதி ஊர்வலம் ஓடிக்கொண்டிருந்தது. "ஒத்தடம் குடுங்க. எண் ஏறட்டும், பாக்கலாம்."

"எப்ப ஏறும், சார்?"

"யாராச்சும் நல்லா அழுது, அதை ஊரு பாத்தா ஏறும்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நடைமுறையைச் சொன்னார்.

சவரிராயன் வீட்டுக்கு வந்து படக்கருவியை எடுத்தார். "என் கோலத்த ஊரே பாக்கணுமா?" என்றாள் செல்வி. பிறகு வலி வந்தது. அவள் கேட்ட கேள்வி அப்படியே நின்றுபோயிற்று. நாற்பது நொடி. அவர் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டதில் படம் ஆடியது. அதைச் செய்திக்கு அனுப்பினார். ஆடியதாலேயே ஊர் நம்பியது.

மூன்று நாளில் நிலாவெங்கும் அழுகை. நீதிபதி அழுதார், வாரியத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எண் எண்பத்தெட்டு.

மருந்தகத்தில் வரிசை வளைந்து நின்றது. தோள்பட்டை பிடித்துக்கொண்டவர், மருமகளோடு வாய்ச்சண்டையில் தலைவலி வந்தவர் எல்லோரும் அட்டை அட்டையாக வாங்கிப் போனார்கள். ஒவ்வோர் அட்டையிலும் செல்வியின் முகம். படத்தை ஒளிபரப்பியவர்களிடமிருந்து மாத்திரை உற்பத்தியாளர்கள் வாங்கிவிட்டிருந்தார்கள்.

சவரிராயன் முறை வந்தது. இயந்திரம் மறுத்தது. "விதி பதினான்கு" என்றார் டாக்டர். "விளம்பரத்துல வந்தவங்களுக்கு அதே மருந்தைக் குடுக்கக் கூடாது. முன்னாடி நடிகருங்க சம்பளத்துக்குப் பதிலா மாத்திரையா வாங்கிட்டிருந்தாங்க."

"நாங்க விளம்பரம் பண்ணலியே, சார்."

"முகம் இருக்கே."

சவரிராயன் வெறுங்கையோடு திரும்பும்போது தோள்பட்டைக்காரர் எதிரே வந்தார். சவரிராயன் கை நீட்டினார். "ஒண்ணே ஒண்ணு குடுங்க. இந்த அட்டையில இருக்கது என் பொஞ்சாதி."

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அப்படியா? அம்மாவ நெனச்சு ரெண்டு நாளா எங்க வீட்டுல சாப்பாடே எறங்கலீங்க." அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "ஆனா கைமாத்தினா குத்தமாமே."

ஐந்தாம் நாள் காலையில் மூன்று பேர் எழுந்திருக்கவில்லை. மூவர் தலைமாட்டிலும் செல்வி முகம் போட்ட காலி அட்டை. மதியத்துக்குள் விளம்பரத்தை நிறுத்தினார்கள், முகத்தை எடுத்தார்கள். செல்விக்கு மாத்திரை பெறும் தகுதி திரும்பியதாக ஓலை வந்தது. எண் பூஜ்யம்.

வாரியத்தின் கணிப்பொறி கடமை தவறாதது. ஒன்பது புள்ளி நான்கைப் பூஜ்யத்தால் பெருக்கி, விடையை வழக்கம்போல் அவர்கள் வீட்டு வாசல் பலகையில் ஒளிரவிட்டது: வலி இல்லை.

செண்பகராசன் பலகையைப் படித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தார். "மைனிக்கு நல்லாயிட்டாமே, அண்ணாச்சி."

உள்ளேயிருந்து அலறல் வந்தது. சுவர் அதிர்ந்தது. செண்பகராசன் கொஞ்ச நேரம் கேட்டார். மறுபடி பலகையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இல்லாத வலிக்கு இந்தச் சத்தமா?" என்றார். "மூணு உசுரு போனது பத்தலியோ?"