இக்கான்னு கூப்பிடாதீங்க

"அந்தச் சாக்கு மேல உக்காராதீங்க."

பௌசியா எழுந்திருக்கவில்லை. குடை காற்றில் திரும்பிக்கொண்டு, துப்பட்டா நனைந்து, பஜார் ரோடு முழுக்கச் சளக் சளக்கென்று ஓடிவந்து இந்தக் கிடங்கு வாசலில் இப்போதுதான் ஒதுங்கியிருக்கிறாள். அதற்குள் ஓர் அதிகாரக் குரல்...

"என்னத்துக்கு? தங்கமா வெச்சிருக்கு உள்ளே?"

"வத்தல் மிளகா. கொஞ்ச நேரத்துல உங்களுக்கே தெரியும்."

தெரிந்தது. ஒரு தும்மல், அதன் முதுகிலேயே இன்னொன்று, அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய அவள் நிமிர்ந்தபோது ஒரு தண்ணீர்ச் சொம்பு நீண்டது. அதற்குப் பின்னால் இரண்டு கண்கள். அடர்ந்த இமைகள்... வாய் ஒழுங்காக மூடியிருக்க, கண்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

எரிச்சல் வந்தால் பௌசியாவுக்கு மூக்குதான் முதலில் சிவக்கும். அது ஏற்கெனவே சிவந்திருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முகத்தைக் கழுவிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இவன் பேசுவது தமிழ். அதுவும் சுள்ளிக்கல்லில் அவள் வீட்டில் பேசுகிற, பாதி மலையாளம் கலந்த தமிழ் இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்து அசல் தமிழ்!

இப்படி ஓர் ஆளைத்தான் அவள் நாயாய்ப் பேயாய் அலைந்து தேடிக்கொண்டிருந்தாள். சமூகவியல் இளங்கலை, கடைசி வருஷம். மட்டாஞ்சேரித் தமிழர்கள் யாரை என்ன உறவு சொல்லி அழைக்கிறார்கள் என்பது அவளுடைய களப்பணி. உம்மா, மாமி, பெரிய மாமி என்று வீட்டுக்குள்ளேயே சுற்றிப் பேட்டி எடுத்துக்கொண்டு போய் நின்றவளை விசாலாக்ஷி மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சொந்தக்காரங்க பேட்டி செல்லாது, பௌசியா. வேண்டியவங்க நமக்குப் பிடிச்சதைத்தான் சொல்வாங்க. ஊருக்குப் புதுசா வந்த வெளியாள் ஒருத்தராவது வேணும். இல்லன்னா இதை அடுத்த வருஷம் மறுபடி செய்யணும்."

மறுபடி ஒரு வருஷமா? அதற்கு இந்த மிளகாய்ச் சாக்கிலேயே உட்கார்ந்து உயிரை விட்டுவிடலாம்.

"இக்கா..." என்று குரலில் தேன் தடவிக்கொண்டாள். "ஒரு சின்ன சகாயம் வேணும்."

அவன் பெயர் சஜ்ஜாத். காயல்பட்டினத்துக்காரன். மாமாவின் சுக்கு, மிளகு, வத்தல் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ள வந்து ஆறேழு மாதம் ஆகிறது. சரி என்று அவன் தலையாட்டியபோது, பெரிய மனுஷன்தான் என்று பௌசியா நினைத்தாள். நினைத்தது தப்பு. அவனைப் போலப் பொல்லாத ஆளை அவள் பார்த்ததே இல்லை.

கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னால் குறைந்தா போய்விடுவான்?

"அம்மாவோட அனியனை என்ன விளிக்கும்?"

"அனியன்னா?"

"இளையவர். தம்பி."

"எங்க உம்மாவுக்குத் தம்பி இல்லியே."

"இருந்தா, இக்கா... இருந்தா என்ன விளிச்சிருப்பீங்க?"

"இல்லாத ஆளை ஏங்க தொந்தரவு பண்ணணும்?"

அவள் பல்லைக் கடிப்பாள். அவன் உடனே பக்கத்துக் கடையிலிருந்து சாயா வரவழைப்பான். மிளகாய் நெடி எட்டாத மூலையில் அவளுக்கென்று ஒரு ஸ்டூல் வந்தது. பிறகு அதன் மேல் ஒரு மடித்த சாக்கு வந்தது. நாலு நாளில் முடிய வேண்டிய பேட்டி மூன்றாவது வாரத்தைத் தொட்டது. மேடம் கேட்டால் ஆள் சரியாகப் பதில் சொல்வதில்லை என்றாள். அது உண்மை. ஆனால் மழை பெய்கிற நாளில், ஓட்டு விளிம்பிலிருந்து நீர் சரம் சரமாக இறங்க, அவன் கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்க்கும் அந்த ஒரு பார்வைக்கு... அடுத்த கேள்வி அவளுக்கு மறந்தே போகும். அதையும் அவள் மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

எல்லாம் கெட்டது ஒரு சனிக்கிழமை.

"மூத்த சகோதரனை உங்க ஊர்ல என்ன விளிக்கும்?"

"காக்கா."

"அப்போ சரி," என்றாள் பௌசியா உற்சாகமாக. "எங்க இக்கா மாதிரி தன்னே."

சஜ்ஜாத்தின் முகம் கறுத்தது. சாயாக் கிளாஸைக் கீழே வைத்தான்.

"இனிமே என்னை இக்கான்னு கூப்பிடாதீங்க."

"பின்னெ என்ன விளிக்கணும்? முதலாளின்னா?"

"எதுவுமே கூப்பிட வேணாம்."

ஓஹோ. அவ்வளவு கௌரவமா? தெருவில் மீன் விற்கிறவரிலிருந்து ஆட்டோ ஓட்டுகிறவர் வரை இந்த ஊரில் எல்லோரும் இக்கா. இவருக்கு மட்டும் அது ஆகாதாம். பௌசியா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"ரொம்ப உபகாரம், மிஸ்டர் சஜ்ஜாத்."

அவன் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம். படுபாவி.

இரண்டு நாள் அவள் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எடுத்தவரைக்கும் போதும், இதை வைத்தே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. மூன்றாம் நாள் மாலையும் அப்படி வெறித்துக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"இக்கா... சாயா ஆறிப் போகுது, வா."

முன்னறையிலிருந்து வாப்பா எழுந்து போனார்.

பௌசியா பேனாவை வாயில் வைத்தபடியே அசையாமல் இருந்தாள். பிறந்ததிலிருந்து கேட்கிற குரல். உம்மா வாப்பாவை வேறு எப்படியும் அழைத்ததில்லை. பெரிய மாமி மாமாவை அழைப்பதும் அப்படித்தான். இந்த ஊரில் இக்கா என்றால் அண்ணனும்தான், புருஷனும்தான். காயல்பட்டினத்தில் காக்கா என்றால்... அண்ணன். கூடப்பிறந்தவன். அதோடு சரி.

அடப்பாவமே. உறவுமுறை படிக்கிறவளாம் இவள்! மூன்று வாரமாக அந்த மனுஷனை உட்கார வைத்து, வாய்க்கு வாய் அண்ணன் என்று சொல்லியிருக்கிறாள். அவன் முகம் கறுக்காமல் என்ன செய்யும்?

மறுநாள் காலை அவள் முதலில் போனது கல்லூரிக்கு. அங்கிருந்து படகேறி மட்டாஞ்சேரியில் இறங்கும்போது தூறல் பிடித்துவிட்டது. சஜ்ஜாத் சுக்கு மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு கணம் கண் மலர்ந்தது. உடனே தரையைப் பார்த்துக்கொண்டான்.

"மிச்சக் கேள்வியைக் கேளுங்க. சொல்லிடுறேன்."

"வேண்டா. உங்க பேட்டியை நான் எடுத்துக் களஞ்சாச்சு. மேடத்துகிட்டயும் பறஞ்சாச்சு."

"களஞ்சாச்சா?" அவன் குரல் உயர்ந்தது. "இத்தனை நாள் பேசினது எல்லாம் வீணா? நான் சொன்னது தப்பா?"

"தப்பில்ல. செல்லாது."

"ஏன் செல்லாது?"

பௌசியா நனைந்த துப்பட்டாவின் நுனியைப் பிழிந்தாள்.

"வேண்டியவங்க பேட்டி செல்லாது. அது ரூல்." பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "எங்க உம்மா எங்க வாப்பாவை இக்கான்னுதான் விளிக்கும். இவிடெ அப்படித்தான். எனிக்கு உங்களை இஷ்டமாணு. மண்டைக்கு இப்பவாவது ஏறுதா?"

மண்டைக்கு ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுக்க அவள் மூக்கு சிவந்துகொண்டே போனது.

"அப்ப உங்க படிப்பு?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேற ஆளைக் கண்டுபிடிக்கணும். கிட்டலன்னா ஒரு வருஷம் போச்சு. போகட்டும்."

சஜ்ஜாத் அவளையே பார்த்தான். அந்தக் கண்கள் மறுபடி சிரிக்க ஆரம்பித்திருந்தன. இம்முறை வாயும் சேர்ந்துகொண்டது.

"நீங்க என்கிட்ட கேக்காமலே விட்ட கேள்வி ஒண்ணு இருக்கு."

"எது?"

"கல்யாணம் ஆனா எங்க ஊர்ல பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு வராது. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டோட போய் இருக்கணும்." அவன் குரல் தணிந்தது. "சுள்ளிக்கல்ல உங்க வீட்டுல... ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?"

பௌசியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. மூன்று வாரம், தினம் ஒரு சாயா... இத்தனை பெரிய சங்கதியை இந்த மனுஷன் வாயே திறந்து சொல்லவில்லையே.

"இதை அன்னிக்கே பறஞ்சிருந்தா எனிக்கு ஒரு முழு அத்தியாயம் கிட்டியிருக்கும்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கோபமாகவே சொன்னாள்.

"இடம் உண்டு."