காலி டியூப்பில் இருந்தது

"எங்க அக்காவோட முதுகுத்தண்டு நீர் வந்த டியூப் எனக்கு வேணும். காலியா இருந்தாலும் பரவாயில்ல."

வீட்டு ஆட்களின் சாம்பிளைக் கேட்கவே கூடாது என்று ஆராய்ச்சி மாணவியாக ஆய்வகத்தில் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் கேட்டுவிட்டாள். அதுவும் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம். 'பூதக்கண்ணாடி' என்று எல்லோரும் முதுகுக்குப் பின்னால் கூப்பிடும் அம்மாள் அவர்.

"அழாம விஷயத்தைச் சொல்லு."

"அழல மேடம். கோவம் வந்தா எனக்கு மூக்கு ஒழுகும்."

அக்கா கணக்கு டீச்சர். நரம்பின் மேலுறையை அரிக்கும் நோய் அவளுக்கு. இப்போது நினைவைத் தின்னும் நோயும் தொடங்கிவிட்டது என்று பெரிய டாக்டர் எழுதிவிட்டார். நினைவு நோய் உள்ளவர்களுக்கு நரம்பு நோயின் புது மருந்தைத் தருவதில்லை; அந்த ஒரு வரியால் அது அவளுக்கு இல்லை என்றாகிவிட்டது. மருந்து இல்லாமல் நோய் இன்னொரு முறை சீறினால், கால் போய்விடும்.

"எதை வச்சு எழுதினார்?"

"நீர்ல அமிலாய்டுங்கிற புரதம் குறைஞ்சிருக்காம். நினைவு நோய் வந்தா அது மூளையில படிஞ்சு, நீர்ல குறையும். ஆனா நரம்பு சாகும்போது ஏறுற புரதங்கள் ஏறவே இல்ல. சத்தமே இல்லாமலா சாகும்?"

"திரும்ப அளந்தாங்களா?"

"மிச்சத்தை வேற டியூப்ல ஊத்தி அளந்தாங்க. இன்னும் குறைஞ்சுது. அப்போ உறுதின்னுட்டார்."

பூதக்கண்ணாடி முதல் முறையாக நிமிர்ந்தார். "அதே நீர். டியூப் மாறினதும் குறையுது. வா."

சேமிப்பறையில் இரண்டு வகை டியூப்கள் இருந்தன. பழையவை பால் நிறத்தில் மங்கலாக. புதியவை கண்ணாடி போலப் பளபளவென்று.

"இது யார் வாங்கினது?"

"பெரிய டாக்டர். நீர்ல ரத்தம் கலந்திருக்கான்னு வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பார். மங்கல் டியூப்ல தெரியலையாம்."

பூதக்கண்ணாடி சிரிக்கவில்லை. அக்காவின் காலி டியூப்பில் சோப்பு போன்ற ஒரு கரைசலை விட்டு, நிதானமாகச் சுழற்றினார். "இதை அளந்துட்டு வா." அவள் ஓடினாள்.

பெரிய டாக்டரின் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"மெஷின் ஓட்டுறவன் சொதப்பியிருப்பான்" என்றார் அவர்.

"அவன் சொதப்பினா எல்லா அளவும் சொதப்பும் சார்" என்றார் பூதக்கண்ணாடி. " குறைஞ்சது அமிலாய்டு மட்டும், அதுவும் டியூப் மாத்த மாத்த. அது பிசின் மாதிரி ஒட்டுற புரதம். உங்க பளபள பிளாஸ்டிக் சுவர்லதான் நல்லா ஒட்டும். காலி டியூப்பை அலசி அளந்தோம். காணாமப் போனது அங்கேயே இருந்துச்சு. திருடு போகவே இல்ல."

பெரிய டாக்டர் டியூப்பைப் பழக்கதோஷத்தில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, குரலில் தேன் தடவினார்.

"சரிம்மா. உங்க அக்காவுக்குத் திரும்ப எடுத்து, ரிப்போர்ட்டை மாத்திடலாம். இந்தப் பேச்சு இந்த ரூமோட இருக்கட்டும்."

"இதே மாதிரி டியூப்ல நீர் எடுத்த மத்தவங்க?"

"அவங்க யாரும் கேக்கலையே."

"என்ன கேக்கணும்னு அவங்களுக்கு யார் சார் சொன்னா?"

"உன் ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போடுறது நான். உங்க வீட்டுல முதல்ல படிச்சவ நீ. பார்த்து நடந்துக்கோ."

"ஆமா சார், முதல்ல படிச்சவ நான்தான். அந்த வீட்டுல முதல்ல பயந்தவளா நான் இருக்க மாட்டேன்."

அவள் எழுந்தாள். வெளியே காத்திருப்போர் கூடத்தில், மடியில் ரிப்போர்ட்டோடு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"கதவைச் சாத்திட்டுப் போ!"

"திறந்தே இருக்கட்டும்" என்றார் பூதக்கண்ணாடி.

அவள் எப்படியும் சாத்துவதாக இல்லை. முதல் நாற்காலியை நோக்கி நடந்தாள்.