கோமளா டீச்சர் ஏன் எதிர்ப்பக்கமாக நடந்தார்?

வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் தசரதன் தையல் கடையில் மிஷின் ஓடாது. அன்றைக்குத்தான் வாரப் பத்திரிகை வரும். அதில்தான் துப்பறியும் இன்பநாதனின் தொடர்கதை வரும்.

பத்து வயது ஆதிலட்சுமி, துணி வெட்டும் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து உரக்க வாசிப்பாள். அவளுடைய சித்தப்பா தசரதன், பக்கத்துப் பூக்கடைப் பச்சையம்மாள், ஜட்கா வண்டி ஓட்டும் இருசப்பன் மூவரும் கேட்பார்கள். இருசப்பனின் குதிரையும் வாசலில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கும் கதை புரியும் என்பது இருசப்பனின் கட்சி.

இன்பநாதன் பத்து வருஷமாகத் திருடர்களைப் பிடித்துவருகிறார். ஆனால் இந்தக் கதையில் ஒரு விருந்தாளி வந்திருந்தார். கோமளா டீச்சர். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கையில் குடை, மடியில் பொரிகடலை. இன்பநாதன் பூதக்கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள், நாலு கடலையை மென்றபடியே பாதித் துப்பைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஆதிலட்சுமிக்குக் கோமளா டீச்சர் என்றால் உயிர்.

அந்த வாரம் கதை அவர்கள் ஊரான திருவண்ணாமலைக்கே வந்துவிட்டது. தீபத்தன்று கூட்டத்தில் எவனோ ஓர் அம்மாவின் சங்கிலியை அறுத்துவிட்டான். அதற்கப்புறம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கோமளா டீச்சரை இன்பநாதன் கேட்கிறார்.

ஆதிலட்சுமி டீச்சர் குரலிலேயே வாசித்தாள்: “மலையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தேரடியில் கிளம்பினேன். முதலில் ஈசானிய லிங்கம், பிறகு குபேர லிங்கம், வாயு லிங்கம்...”

“நிறுத்து!” என்று இருசப்பன் எழுந்துவிட்டார். “இன்னா சொன்ன? முதல்ல ஈசானியமா? அது கடைசியில இல்ல வரும்!”

“எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கா!” என்று பச்சையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “இந்த ஊர்ல கைக்கொழந்தைகூட மலையை வலப்பக்கம் வச்சித்தான் சுத்தும்.”

“அவ சுத்தவே இல்ல. பொய் சொல்றா. அவதான் திருடி!” என்றார் இருசப்பன்.

“அட போய்யா. எழுதினவருக்கே மலை தெரியல. மெட்ராஸ்ல உக்காந்துகினு எழுதினா இப்படித்தான்,” என்றாள் பச்சையம்மாள்.

கதைக்குக் கீழே கட்டம்போட்டு ஓர் அறிவிப்பு இருந்தது. ஆதிலட்சுமி அதையும் வாசித்தாள். ‘கோமளா டீச்சர் இன்பநாதனுடன் தொடர்ந்து வரலாமா? வாசகர்களே, தபால் கார்டில் எழுதுங்கள்.’

“வரவே கூடாது!” என்றார் இருசப்பன். “எடு கார்டை!”

அந்தக் கடைவீதியில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் ஆதிலட்சுமிதான் எழுதுவாள். அதனால் கோமளா டீச்சரைத் திட்டும் கார்டுகளையும் அவளே எழுத வேண்டியதாயிற்று. விஷயம் பரவி, டீக்கடைக்காரர் வந்தார். வளையல்கடைக்காரர் வந்தார். மறுநாள் மாலைக்குள் பதினொரு கார்டு சேர்ந்துவிட்டது.

“‘அந்தப் பொம்பளை’னு எழுதினியா?” என்று இருசப்பன் எட்டிப்பார்த்தார்.

“எழுதிட்டேன் மாமா.” அவளுக்கு அழுகை முட்டியது. சொன்னதை மாற்றி எழுதுவது தப்பு. சொன்னபடியே எழுதினால் டீச்சர் போய்விடுவார்.

அப்போது சித்தப்பா ஒரு பொட்டலத்தை நீட்டினார். “ஆதி, ஜோதியம்மாவோட ரவிக்கை. பச்சைப் புடவை கட்டிக்கினு சாமி ஊர்வலத்துக்குப் பின்னால போய்க்கினு இருக்காங்க. முடிஞ்சதும் அப்படியே கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிடுவாங்க. சீக்கிரம் ஓடு!”

தேர்வீதி முழுக்க ஜனம். ஆதிலட்சுமி கூட்டத்தின் பின்னாலேயே ஓடினாள். எங்கு பார்த்தாலும் கொண்டை, கொண்டையில் பூ, பூவுக்குக் கீழே முதுகு. ஒரு பச்சைப் புடவையைத் தொட்டு, “ஜோதியம்மா!” என்றாள். வேறு யாரோ திரும்பி முறைத்தார்கள். இன்னொரு பச்சைப் புடவை. அதுவும் இல்லை.

ஊர்வலம் நகர்ந்துகொண்டே இருந்தது. ஆதிலட்சுமி ஒரு சந்தில் புகுந்து ஓடி, கூட்டத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். திரும்பி எதிரே நடந்துவந்தாள். இப்போது எல்லாம் முகங்கள்! ஐந்தாவது வரிசையில் ஜோதியம்மாளின் பெரிய மூக்குத்தி பளிச்சென்று தெரிந்தது.

பொட்டலத்தைக் கொடுத்தவள், நடுவீதியில் அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னாடி, பேயைப் பார்த்தாப்பல நிக்கிற?” என்றாள் ஜோதியம்மாள்.

“பேயில்ல, டீச்சர்!” என்று கத்திவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

நல்லவேளை, கார்டுகள் இன்னும் தபால்பெட்டிக்குப் போகவில்லை.

“மாமா, எல்லாரோடயும் சேர்ந்து நடந்தா உங்களுக்கு இன்னா தெரியும்?”

“முன்னால போறவன் முதுகு தெரியும்.”

“எதிர்ல வந்தா?”

இருசப்பன் யோசித்தார். “மூஞ்சி தெரியும்.”

“சங்கிலி அறுத்தவன் மூஞ்சியைத் தேடறதுக்குத்தான் டீச்சர் எதிர்ல வந்தாங்க!”

வாசலில் குதிரை செருமியது.

“அதுக்காக சாமி மலையை எதிர்ல சுத்தலாமா கண்ணு?” என்றாள் பச்சையம்மாள்.

“அன்னிக்கு அவங்க கும்பிடப் போகல அத்தை, பிடிக்கப் போனாங்க. பிடிச்சதும் மறுநாள் வலப்பக்கமா சுத்திட்டாங்கன்னா சாமி கோச்சிக்குமா?”

“கோச்சிக்காது,” என்று பச்சையம்மாள் உடனே தீர்ப்புச் சொன்னாள். “அப்ப எழுதினவரு தெரிஞ்சேதான் எழுதினாரா?”

“தெரியாம எழுதியிருந்தாலும் நாம சொல்லிக்கொடுக்கலாமே,” என்றாள் ஆதிலட்சுமி. “பாவம், பதினொரு பேரு திட்டினா அவருக்கு எப்படி இருக்கும்?”

இருசப்பன் மீசையைத் தடவினார். “கார்டைக் கிழிச்சா வீணாப்போகும். அடியில கொஞ்சம் எடம் இருக்குது பாரு. அதுல எழுது.”

பதினொரு கார்டிலும் மேலே திட்டு இருந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி ஏறியது: ‘திருடன் முகத்தைப் பார்க்கத்தான் எதிரே நடந்தார் என்றால் மன்னித்தோம். மறுநாள் ஒழுங்காகச் சுற்றவும்.’

இரண்டு வியாழக்கிழமை பதில் எதுவும் வரவில்லை; கதையிலும் டீச்சரைக் காணோம். மூன்றாவது வியாழக்கிழமை, பத்திரிகையோடு கடைக்கு ஒரு கார்டும் வந்தது. கதை எழுதியவரே எழுதியிருந்தார்!

‘மலையை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தவறு தெரிந்தபின் டீச்சரை எப்படிக் காப்பாற்றுவது என்று தூக்கமே இல்லை. உங்கள் கார்டுகளின் கடைசி வரியைப் படித்தபிறகுதான் சாப்பிட்டேன்.’

ஆதிலட்சுமி அவசரமாகப் பத்திரிகையைப் பிரித்தாள். கோமளா டீச்சர் குடையால் திருடனின் காலை வாரிவிட்டு, “எல்லாரும் போகிற பக்கம் போனால் முதுகுதான் தெரியும், இன்பநாதன்” என்று சொல்லிக் கடலையை மென்றார். மறுநாள் இந்திர லிங்கத்தில் தொடங்கி ஒழுங்காக மலையைச் சுற்றினார். அடுத்த கதையிலும் வருவாராம்!

“நான் அன்னிக்கே சொன்னேன், கெட்டிக்காரினு!” என்றார் இருசப்பன்.

“எப்பய்யா சொன்ன?” என்று பச்சையம்மாள் சிரித்தாள்.

இருசப்பன் காதில் வாங்கவே இல்லை. மேஜையைத் தட்டினார். “ஆனா ஒண்ணு. இந்த இன்பநாதன்தான் வரவர சரியில்ல. எல்லாத்தையும் டீச்சரே கண்டுபிடிச்சா இவன் எதுக்கு? ஆதி, ஒரு கார்டு எடு!”

ஆதிலட்சுமி சிரித்துக்கொண்டே பேனா மூடியைத் திறந்தாள்.