கொக்கிப் பாட்டு

பேருந்து ராயபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. உட்கார்ந்திருந்தவர்கள், கம்பியைப் பிடித்துத் தொங்கியவர்கள், நடத்துனர், எல்லோருடைய வலது கையும் ஒரே நேரத்தில் இறுகி மூடியது. டிரம்ஸ் சட்டென்று நின்றதும் அத்தனை விரல்களும் விரிந்தன. வண்டி முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது.

கடைசி இருக்கையில் துப்பட்டாவால் முகத்தை மறைத்து உட்கார்ந்திருந்த பிலோமினாவுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. பாட்டு அவளுடையது.

வண்டியில் எல்லோரும் போட்டிருந்த உணர்பட்டை என்பது நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் விரலகல நாடா. பாடும்போது பாடுகிறவர் மனதில் ஓடுவதை உணர்பதிவி என்ற கருவி பாட்டோடு சேர்த்துப் பிடித்து வைக்கும். கேட்பவர் மனதில் பட்டை அதை இறக்கும். அது வந்த பிறகு, உள்ளே ஒன்றுமில்லாமல் உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தவர்களின் பிழைப்பு போயிற்று. காதல் பாட்டுப் பாடிக்கொண்டே மதியச் சாப்பாட்டை நினைத்தால் கேட்பவனுக்குப் பசித்தது. கருவிக்கு ஒரே ஒரு குறை. தன் பதிவைத் தானே கேட்டால் ஒன்றும் உறைக்காது. தன் விரலால் தனக்கே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாதில்லையா, அதுபோல. தன்னிடமிருந்து போனது திரும்பி வந்தால் மூளை கண்டுகொள்வதில்லை.

எதிரே நின்ற கல்லூரிப் பெண்ணின் உதடு லேசாக விரிந்திருந்தது. சிரிப்பு மாதிரி இருந்தது. வலியிலும் உதடு அப்படித்தான் இழுபடும் என்று பிலோமினா நினைத்துக்கொண்டாள். இவளுக்கும் இப்போது தெரிந்திருக்கும், அந்தோணி எப்படிச் செத்தான் என்று.

அந்தோணி அவளுடைய தம்பி. துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தான். மேலிருந்து விழுந்த பெட்டிக்கு அடியில் ஒரு தொழிலாளி நசுங்கிச் செத்தபோது, கிடங்கு முதலாளி தில்லைநாயகம் அந்தச் செய்தியை அமுக்கப் பார்த்தார். அந்தோணி வாயை மூடவில்லை. எல்லோர் முன்னாலும் வழிமறித்துக் கேட்டான். தில்லைநாயகம் மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கியை எடுத்து அவனை அடித்தார். சுற்றி நின்ற சுமைக்காரர்கள் அத்தனை பேரும், கால் தவறி விழுந்தான் என்று போலீசில் சொன்னார்கள். கேமரா அன்றைக்கென்று பார்த்து வேலை செய்யவில்லையாம். வழக்கு நீதிமன்றப் படியேறாமலே மூடப்பட்டது.

பிலோமினா ராக் குழுவில் பாடுகிறவள். அவளுக்குத் தெரிந்த ஆயுதம் அதுதான். ‘பிரேதப் பரிசோதனை’ என்று ஓர் இசைத்தொகுப்புக்குத் திட்டம் போட்டாள். அதில் எல்லாப் பாட்டும் கொலை, இல்லாவிட்டால் சாவு. விஷம் வைத்தவள், தண்டவாளத்தில் தலை கொடுத்தவன், குளத்தில் அமுக்கப்பட்ட குழந்தை. கடைசியில் ‘கொக்கி’. அது மட்டும் கற்பனை இல்லை. தம்பி சாகும்போது பட்ட வேதனையை அப்படியே பாட்டில் இறக்க வேண்டும், ஊரே அதைப் போட்டுக் கேட்க வேண்டும், டீக்கடையிலும் பேருந்திலும் அது தில்லைநாயகத்தைத் துரத்தித் துரத்திக் கொல்ல வேண்டும். இதுதான் அவள் கணக்கு.

பதிவுக்கூடத்தில் உணர்பதிவியை இயக்கியவள் சுபைதா. குழுவில் எல்லோருக்கும் மூத்தவள்.

“பிலோ, இந்த மிஷினுக்கு வார்த்தை புரியாது. நீ என்ன பாடுறேங்கறதை அது பார்க்காது. உள்ளே என்ன ஓடுதோ அதைத்தான் எடுக்கும். தெரியும்ல?”

“என் உள்ளே அவன் மட்டும்தான்கா இருக்கான்.”

“எவன்?”

“அந்தோணி. வேற யாரு?”

கிடார் அலறத் தொடங்கியது. பிலோமினா கண்ணை மூடினாள்.

“மேல நிக்குது கொக்கி, எம்மேல எறங்குது. அடிச்சவன் மூஞ்சி ஆகாசம் மாதிரி தெரியுது...”

தொண்டை கிழியப் பாடினாள். முடிந்தபோது உடம்பு வியர்வையில் குளித்திருந்தது. சுபைதா பட்டையைப் போட்டுப் பதிவைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் எழுந்துபோய்க் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினாள்.

“எப்படி இருக்கு?” என்றாள் பிலோமினா.

“பலமா இருக்கு. எனக்குப் பயமா இருக்குடி.”

“பயம்தானே வேணும்?”

சுபைதா ஏதோ சொல்ல வாயெடுத்து, பட்டையை மறுபடி நெற்றியில் ஒட்டிக்கொண்டாள்.

தொகுப்பு வெளியானதும் பற்றிக்கொண்டது. மற்ற பாட்டுகளை ஒருமுறை கேட்டவர்கள் ‘கொக்கி’யை நாள் முழுக்கக் கேட்டார்கள். மேடையில் அதைப் பாடினால் மைதானமே கையை ஓங்கியது. ரசிகர்கள் கூடவே பாடித் தங்கள் உணர்வையும் பதிந்து ‘உடன்பாட்டு’ என்று பரப்பினார்கள். பிலோமினா காத்திருந்தாள். தில்லைநாயகம் பைத்தியம் பிடித்து அலைகிறார் என்று செய்தி வரும், தூக்கில் தொங்கிவிட்டார் என்று வரும். தினமும் எழுந்ததும் அதைத்தான் தேடினாள்.

வந்தது ஓர் அழைப்பு. தில்லைநாயகம் அவளைப் பார்க்க விரும்புகிறாராம்.

காலில் விழப்போகிறான் என்று நினைத்தாள். அந்தக் காட்சியை வழியெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.

காலை வெயில் விழுந்த கூடத்தில் அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போலீஸ் விசாரணை நடந்த நாட்களில் அவள் பார்த்த ஆள் இல்லை. அப்போது கண்ணுக்கடியில் கருத்து, பின்னால் காலடி கேட்டாலே திடுக்கிட்டுத் திரும்புவார். இப்போது கன்னத்தில் சதை போட்டு, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார்.

“வாம்மா பிலோமினா. உட்காரு. ஒரு இட்லி சாப்பிடுறியா?”

“எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“நன்றி சொல்லத்தான்.” கையைக் கழுவித் துடைத்தபடி வந்து எதிரே உட்கார்ந்தார். “அன்னிக்கு அப்புறம் நான் தூங்கலைம்மா. டாக்டர், மாத்திரை, கோயில், எல்லாம் பார்த்தாச்சு. உன் பாட்டைக் கேட்டேன். அன்னிக்கு ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்.”

அவளுக்குப் புரியவில்லை.

“உனக்குத் தெரியாதுல்ல? உன்னோடதை நீ கேட்க முடியாதே.” அவர் குரலில் கேலி இல்லை, பரிவுதான் இருந்தது. “அதுல உன் தம்பி இல்லம்மா. அடி வாங்குறவன் யாருமே இல்ல. ஓங்குற கை இருக்கு. எறங்கும்போது ஒரு இனிப்பு இருக்கு. எனக்கு அந்த இனிப்பு தெரியும். அதைத் தெரிஞ்சவனை ஏமாத்த முடியாது.”

“வாயை மூடுங்க.”

“நம்ப வேணாம். நானும் உடன்பாட்டு ஒண்ணு பதிஞ்சிருக்கேன். யாருக்கும் தரலை. அது என்னோடது, உனக்கு உறைக்கும். போட்டுப் பாரு.”

மேசையில் இருந்த பட்டையை நகர்த்தினார். பிலோமினா அதை எடுத்து நெற்றியில் ஒட்டினாள்.

முதலில் கரகரத்த கிழட்டுக் குரல். பிறகு கிடங்கின் வெக்கை. உள்ளங்கையில் இரும்பின் பாரம். கீழே ஒருவன், வாய் ஓயாத ஒருவன். கை உயர்ந்தது. இறங்கியது. நெஞ்சுக்குள் எதுவோ தேன் மாதிரி உடைந்து பரவியது. ஒழிந்தான். இந்த இனிப்பு அவளுக்குப் புதிதில்லை. தில்லைநாயகத்தை நினைத்துப் படுத்த ஒவ்வொரு இரவும் நாக்கில் இருந்ததுதான். அதற்கு அவள் துக்கம் என்று பெயர் வைத்திருந்தாள்.

அவள் பாட்டு அங்கே முடிந்துவிடும். இது முடியவில்லை. டிரம்ஸ் நின்ற பிறகும் ஓடியது. கீழே கிடந்தவன் அசையவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து உருண்டு போனது. எழுந்திருடா, எழுந்திரு என்று மனது கெஞ்சியது. ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. யாரோ வருகிறார்கள், யாரும் வரவில்லை, யாரோ வருகிறார்கள். அந்தப் பயத்துக்கு முடிவே இல்லை.

பட்டையைப் பிய்த்து எறிந்தாள்.

“பார்த்தியா?” என்றார் தில்லைநாயகம். “நடந்த நாளுக்குப் பின்னாடி இதெல்லாம் வந்து ஒட்டிக்கிச்சு. உன் பாட்டுல இது கிடையாது. வெறும் அந்த ஒரு நிமிஷம், சுத்தமா. அதைக் கேட்டுக் கேட்டு இப்ப எனக்கு இந்த மிச்சம் மறந்துக்கிட்டே வருது. நீ எனக்கு மருந்தும்மா.”

“உங்க பதிவை எடுத்துட்டுப் போறேன்.”

“தாராளமா. ரசிகன் ஒருத்தன் பாடினதுன்னுதான் சொல்லுவாங்க.”

நேராகப் பதிவுக்கூடத்துக்குப் போனாள். சுபைதா அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டாள்.

“உனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். ஏன்கா சொல்லலை?”

“சொல்லத்தான் வந்தேன் பிலோ.” சுபைதா தலையைக் குனிந்துகொண்டாள். “மறுபடி ஒருதடவை கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் இன்னொரு தடவை. தினமும் கேட்கிறேன்டி.”

பிலோமினா அவளைத் திட்டவில்லை. தில்லைநாயகத்தின் பதிவை அவர் பெயரோடு அன்றைக்கே வெளியிட்டாள். ‘என் தம்பியைக் கொன்றவன் இவன். கடைசிவரை கேளுங்கள், இவன் மனமே சாட்சி சொல்லும்’ என்று கேமராவைப் பார்த்துப் பேசினாள். ஊர் கொதிக்கும், மூடிய வழக்கைத் திறக்கும் என்று நம்பினாள்.

ஊர் கேட்டது. முடிவதற்குள் பட்டையைக் கழற்றியது.

முடிவைச் சொதப்பிவிட்டார் பெரியவர் என்றார்கள். கடைசியில் ஏன் இந்த நடுக்கம், அழுகை? கொலை செய்தவன் மாதிரியே இல்லை, பாவம், யாரோ பயந்த ஆள். அசலுக்குப் பக்கத்தில் நிற்குமா இது? அன்று மாலைக்குள் ‘கொக்கி’யை முன்பைவிட அதிகம் பேர் கேட்டிருந்தார்கள்.

ஒன்று மட்டும் அவள் நினைத்தபடி நடந்தது. போலீஸ் வழக்கைத் திறந்தது.

விசாரணை அதிகாரி காஞ்சனா இளையவர். பேச்சில் மரியாதை குறையவில்லை. பிலோமினாவை உட்காரச் சொல்லி, தண்ணீர் வைத்துவிட்டு, தடயப் பிரிவு அனுப்பிய அறிக்கையை விளக்கினார்.

“ரெண்டு பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்தாச்சு மேடம். தில்லைநாயகம் சாரோடதுல தயக்கம் இருக்கு, பயம் இருக்கு, வேண்டாம்னு ஒரு எண்ணம் ஓடுது. செய்யாதவன் கற்பனை பண்ணினா அப்படித்தான் வருமாம். மனசு ஒத்துழைக்காதாம். அவரை விடச் சொல்லிட்டாங்க.”

“அது பயம் இல்லைங்க. செஞ்சதுக்கு அப்புறம் வர்றது அது. செஞ்சவனுக்குத்தான் வரும்!”

“உங்களோடதுல அது எதுவுமே இல்லை. ஒரு சொட்டு தயக்கம் கிடையாது. இந்த அளவுக்குச் சுத்தமா ஒரு பதிவு இதுவரைக்கும் வந்ததே இல்லைன்னு எழுதியிருக்காங்க.” காஞ்சனா தன் நெற்றியில் இருந்த பட்டையை விரலால் தடவினார். அதைக் கழற்ற வேண்டும் என்ற ஞாபகமே அவருக்கு இல்லை. மேசைக்கு மேலே அவருடைய வலது கை மூடி, மெதுவாக விரிந்தது. உதட்டில் அந்தப் பேருந்துப் பெண்ணின் சிரிப்பு.

வெளியே நடைபாதையில் ஒரு காவலர் ‘கொக்கி’யின் மெட்டை முணுமுணுத்துக்கொண்டு போனார். இன்னொருவர் தாளம் தட்டினார். ஊரில் எத்தனை கைகள் இந்த நேரம் மூடி விரிகின்றன என்று பிலோமினா நினைத்தாள். அத்தனையும் அவளுடைய கை. தில்லைநாயகம் இந்நேரம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

காஞ்சனா முன்னால் சாய்ந்தார். விசாரிக்கிறவர் குரலாக இல்லை. ரகசியம் கேட்கும் தோழியின் குரலாக இருந்தது.

“உண்மையைச் சொல்லுங்க மேடம். இதைப் பாடும்போது நீங்க யாரைக் கொன்னீங்க?”

பிலோமினா தண்ணீரைக் குடித்து முடித்தாள். டம்ளரைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தாள்.

“இன்னும் கொல்லலை” என்றாள்.