அளவுக்கு நின்ற பொம்மை

பொம்மை ஒரு படி இறங்கியிருந்தது.

ஆற்றங்கரையில் கட்டப்போகும் படித்துறையின் வரைபடம் அது. படிகள் எவ்வளவு பெரியவை என்று பார்ப்பவருக்குப் புரிய, பக்கத்தில் ஓர் ஆளின் உருவத்தை வரைந்து வைப்பார்கள். அலுவலகத்தில் அதற்குப் பொம்மை என்று பெயர். எல்லோரும் வளர்ந்த ஆளைத்தான் வைப்பார்கள். பொறியாளரான அவள் மட்டும் மூன்று வயதுக் குழந்தையை மேல்படியில் முதுகுகாட்டி நிறுத்தியிருந்தாள். யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.

போன வருடம் அவள் வடிவமைத்த நடைபாலத்தில் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நான்கு அங்குலம்தான் விட்டிருக்க வேண்டும். கீழே ஓடும் ஆறு நன்றாகத் தெரியட்டுமே என்று ஆறு அங்குலமாக்கினாள். அந்த இடைவெளியில் நழுவி ஆற்றில் விழுந்தது அவள் மகள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவளுக்கு யார் என்ன ஆறுதல் சொல்ல முடியும்?

"பொம்மைய நகர்த்தினீங்களா?" என்று வரைவாளரிடம் கேட்டாள்.

"நான் எதுக்கு மேடம் தொடப்போறேன்? அதுக்குக் காலா முளைச்சிருக்கு?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். "வீட்டுக்குப் போங்க மேடம். மழை வேற வருது."

அவர் போய்விட்டார். அவள் கணினியில் பொம்மையை மேல்படிக்கு ஏற்றி மறுபடி அச்செடுத்தாள். இயந்திரம் முனகி முனகித் தள்ளிய தாளில் ஆற்றுச் சேற்றின் வாடை லேசாக அடித்தது. பொம்மை ஐந்தாம் படியில். இன்னொரு தாள். பத்தாம் படி. கீழே தண்ணீர்.

அழித்துவிடலாம். ஒரு பொத்தான்தான். விரல் வரவில்லை. பெற்ற பிள்ளையை இரண்டாம் தடவையும் கொல்ல அவளால் முடியாது.

கடைசிப் படியில் தன்னையே வரைந்தாள், இரு கைகளையும் விரித்தபடி.

"வாடி தங்கம். அம்மாகிட்ட வா."

அடுத்த தாளில் குழந்தை அந்தக் கைகளுக்குள் இருந்தது. ஒரு வருடமாக வராத அழுகை வாய்விட்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் தெரிந்தது, ஆற்றின் நீர்மட்டக் கோடு இருவர் தலைக்கும் மேலே ஓடியது.

கணுக்கால் குளிர்ந்தது. முழங்கால். இடுப்பு.

கழுத்தைச் சுற்றி இரண்டு சின்னக் கைகள். ஈரம். ஜில்லிப்பு.

"தூக்கும்மா."

தண்ணீர் மோவாயைத் தொட்டது. அந்தக் கைகளைப் பிரித்துவிட்டால் போதும், அவள் பிழைத்துக்கொள்வாள். மூச்சை இழுத்துக்கொண்டு, மகளை மார்போடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.